சுவரோரம்

மே மாதம், பகல் பன்னிரண்டு நாற்பது.
மேம்பாலத்திலிருந்து பார்த்தால்
சத்துவாச்சாரி நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை.
வேலூர் வெயில் ஊரைக் காலி செய்துவிட்டது
என்றுதான் எழுதுவீர்கள்.

இறங்கி வந்து பாருங்கள்.
மருந்துக்கடைச் சுவரோரம்
ஒன்றரை அடி நிழலில்
வயிற்றை எக்கிக்கொண்டு பதினோரு பேர்,
என்னையும் சேர்த்து.

இதை ஏன் சொல்கிறேன் என்றால்

போன வாரம் என் ட்ரேயில்
ஊதா மூடி போட்ட ஒரு ட்யூப் வந்தது.
சுக்ராம் ஓராவ்ன், முப்பத்தொன்று, ஆண்.
ராணிப்பேட்டை சிப்காட்டில் பாய்லர் வேலை.
கும்லாவுக்குப் போய்த் திரும்பி இருபத்திரண்டு நாள்.
காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள்,
மாலை நான்கு மணிக்கு,
தவணை வசூலிக்க வருகிறவன் மாதிரி.
பாய்லர் முன்னால் நின்றுகொண்டே நடுங்கினானாம்.

மெஷின் துப்பிய சீட்டில்
வெள்ளணு மூவாயிரத்து நூறு.
பக்கத்தில் தலைகுனிந்த ஓர் அம்பு.
பில் போடும் இம்தியாஸ் எட்டிப் பார்த்து,
"இன்னாக்கா, பாதி செத்துப்பூட்சா?" என்றான்.
பதில் சொல்லவில்லை.
எனக்கும் அப்போது நிழல் ஞாபகம் வரவில்லை.

மலேரியா அட்டையில் ஒரே கோடு.
இல்லை என்று அர்த்தம்.
இல்லை என்று எழுதிவிட்டு
எட்டு ஐம்பது பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.
ஸ்லைடு காய்ந்துவிட்டிருந்தது, அதனால் உட்கார்ந்தேன்.
ஒரு சொட்டு எண்ணெய்.
எண்ணும் கருவியில் ஐந்து பொத்தான்,
நூறு ஆனால் மணி அடிக்கும்.

நியூட்ரோஃபில், நியூட்ரோஃபில், லிம்போசைட்.
பெரிய உடம்பும் மடிந்த கருவுமாய் ஒரு மோனோசைட்.
இன்னொரு மோனோசைட்.
மறுபடி ஒன்று.
என் நடுவிரலுக்கு இவ்வளவு வேலை
சாதாரணமாக இருக்காது.

தொண்ணூற்று மூன்றாவது அணுவின் வயிற்றில்
தவிட்டு நிறத்தில் துகள்,
அரைபடாத மிளகு போல.

விருந்தாளியைக் காணோம்.
பந்தி நடந்திருக்கிறது.
எச்சில் இலை வாரியவள்
கை கழுவ நேரமில்லாமல்
என் கண்ணாடிக்குக் கீழே நிற்கிறாள்.

மணி அடித்தது. மோனோசைட் பதினாறு.
ஆறு என்றால்
பேசாமல் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பிறகு சிவப்பணுக்களுக்கு நடுவே தேடினேன்,
புலம் புலமாக,
வரிசை மாறாமல், நெல்லில் கல் பார்ப்பதைப் போல.
இம்தியாஸ் ஷட்டரைப் பாதி இறக்கினான்.
நான் திட்டினேன்.
ஸ்மியரின் வால் முனைக்குப் பக்கத்தில், அதோ:
ஊதிப்போன ஒரு சிவப்பணு,
உள்ளே கோணல் மாணலாய் நீல வளையம்,
அதன் மேல் சிவப்புக் கல்.
மூக்குத்தி என்று சொல்லத் தோன்றியது.
சொல்லவில்லை, வைவாக்ஸ் என்று எழுதினேன்.

கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
இம்தியாஸ் வண்டியில்தான் வீடு வந்தேன்,
கிரீன் சர்க்கிள் சிக்னல் வரை
அவன் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நேற்று இரவு சுக்ராமின் ரத்தம் திரும்ப வந்தது.
ஐயாயிரத்து எண்ணூறு. அம்பு இல்லை.
நான்கு நாளில் இத்தனையும் புதிதாய்ப் பிறந்தனவா?
சில பிறந்திருக்கும்.
மற்றவை எங்கேயும் போகவில்லை.
மண்ணீரலின் இருட்டில்,
ரத்தக் குழாயின் ஓரம் ஓரமாக
ஒட்டி நின்றிருந்தன.
நாம் ஊசி குத்தியது
நடுச்சாலையில்.

காட்பாடி பஸ் வருகிறது.
சுவரிலிருந்து பதினோரு பேர் உரிந்து
வெயிலுக்குள் வருகிறோம்,
திடீரென்று ஊரில் ஜனம்.
கண்டக்டர் கேட்கிறார்,
"இவ்ளோ பேர் எங்கிருந்துபா வந்தீங்க?"

இம்தியாஸுக்கு என்ன சொல்வதென்று
இப்போது தெரிந்துவிட்டது.
படியில் மட்டும் இடமில்லை.
திரும்பவும் சுவரோரம்.